இமையோரத்து மஞ்சட் படிவு



நாற்பது வயதைத் தாண்டிய நம்மில் பலர் கண்ணாடியின் முன் நிற்பது தலைவாருவதற்கும், நரையை எண்ணுவதற்குமே. இமையை உற்றுப் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை. ஆகவே, கண்ணின் உட்கோடியில், மூக்கை ஒட்டினாற்போல், மேலிமையின் மீது பருப்பு ஒன்றை நசுக்கி ஒட்டியது போன்ற மஞ்சள் நிறத் திட்டு மெல்ல மெல்லத் தோன்றி வளர்ந்தாலும், அது எளிதில் நம் கருத்திற்கு எட்டுவதில்லை. அதில் வலி இல்லை, அரிப்பு இல்லை, கண்ணில் நீர் வடிவதில்லை, பார்வையும் மங்குவதில்லை. ஊரில் நடந்த திருமணத்தின் புகைப்படங்கள் வந்து சேரும்போதோ, நெடுநாள் கழித்துக் கண்ட அத்தை, "கண்ணோரத்தில் என்ன அது?" என்று கேட்கும்போதோதான் நாம் அதைக் கவனிக்கிறோம். கவனித்த பிறகும், மச்சம் என்று எண்ணிப் பலன் பார்ப்போர் உண்டு. வயதின் அடையாளம் என்று விட்டுவிடுவோர் உண்டு. அழகு கெட்டது என்று வருந்துவோரும் உண்டு. இம்மூவரும் செய்யாது விடும் காரியம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இத்திட்டுக்கு வைத்திய நூல்கள் இட்டிருக்கும் பெயர் ஸாந்தெலாஸ்மா என்பதாகும். மஞ்சள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும், தட்டிப் பரப்பிய உலோகத் தகடு என்று பொருள்படும் மற்றொரு சொல்லும் இணைந்து பிறந்த பெயர் அது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றோருக்கு இப்பெயரைச் சூட்டியவர் மீது மதிப்பு உண்டாகிறது. தட்டார் பொன்னைத் தகடாக அடித்து ஒட்டியது போன்றே அது தோன்றுகிறது அல்லவா? தமிழில் இமைக் கொழுப்புப் படிவு என்று எழுதிவிடுகிறோம். பொருள் விளங்குகிறது, ஆனால் கூடவே ஒரு சங்கடமும் வந்து சேருகிறது.

கொழுப்பு என்ற சொல்லுக்கு நம் மொழியில் வேலை அதிகம். நெய்யும் கொழுப்பு, தொந்தியில் சேர்வதும் கொழுப்பு, அடங்காத பிள்ளையைக் கண்டால் அவனுக்கும் கொழுப்பு என்கிறோம். இத்தனை பொருளோடு, கொலஸ்டிரால் என்னும் தனிப்பொருளையும் அதே சொல்லால் குறிக்கிறோம். அதன் விளைவாக, ஒல்லியான உடல் வாய்த்தவர், "எனக்கேது கொழுப்பு?" என்று கேட்டுவிட்டுப் பரிசோதனையைத் தவிர்த்துவிடுகிறார். கொலஸ்டிரால் என்பது நெய் எண்ணெய்களைப் போன்ற கொழுப்பு அன்று. மெழுகை ஒத்த ஒரு பொருள். பித்தப்பைக் கற்களில் காணப்பட்ட அதற்கு 1815-ஆம் ஆண்டையொட்டிப் பெயரிட்டவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு இரசாயனி. உடலின் ஒவ்வோர் அணுவின் சுவரிலும் அது இருந்தாக வேண்டும். பித்தநீரும் சில ஹார்மோன்களும் அதிலிருந்தே உருவாகின்றன. நமக்கு வேண்டிய கொலஸ்டிராலின் பெரும்பகுதியை உடலே, சிறப்பாக ஈரலே, ஆக்கிக்கொள்கிறது. ஒல்லியானவருக்கும் ஈரல் உண்டு. முட்டையையும் புலாலையும் கையால் தொடாத குடும்பத்தில் பிறந்தவருக்கும் உண்டு. "நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படி வரும்?" என்று கேட்கும் அன்பர்களுக்கு விடை இதில் அடங்கியிருக்கிறது.

இரத்தம் நீர்ப்பாங்கானது, கொலஸ்டிரால் அதில் கரையாது. எனவே புரதத்தால் பொதிந்த நுண்ணிய உருண்டைகளாக அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. ஈரலிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் செல்லும் உருண்டைகளுக்கு எல்.டி.எல். என்று பெயர். உடலின் பல பகுதிகளிலிருந்து மீண்டும் ஈரலுக்குத் திரும்பும் பொதியில் எச்.டி.எல். என்பதற்குப் பங்கு உண்டு. எல்.டி.எல். அளவுக்கு மிஞ்சினால், மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரைக் கடந்து சதையினுள் கசிகிறது. கண்டதை விழுங்கி அப்புறப்படுத்தும் காவல் அணுக்கள் சில நம் உடலில் உண்டு. கசிந்த கொலஸ்டிராலை அவை விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கிச் செரிக்க மாட்டாமல் ஊதிப்போகின்றன. நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அவை நுரைபோலத் தோன்றுவதால் நுரையணுக்கள் என்பது பெயர். இமைத்தோல் உடலின் தோல்களிலெல்லாம் மிக மெல்லியது. அங்கே அவை கூட்டமாகத் தங்கினால், வெளியே மஞ்சட் திட்டாகத் தெரிகிறது.

இதய நாடிகளின் உட்சுவரில் அடைப்பு தொடங்குவதும் இதே நுரையணுக்களால்தான். இமையில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. நாடியில் படிவது தெரிவதில்லை. இமைத்திட்டு தன்னளவில் கேடு எதுவும் விளைவிப்பதன்று. பார்வைக்கு அதனால் இடையூறு இல்லை. புற்றாக மாறுவதும் இல்லை. ஆயினும் அதை ஓர் அறிவிப்பாகக் கொள்ளவேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இதற்கு ஆதாரம் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனிலிருந்து வந்தது. 1976-ஆம் ஆண்டு முதல் 1978 வரை அந்நகர மக்கள் 12,745 பேரின் கண்களைப் பரிசோதித்துக் குறித்துவைத்தார்கள். அவர்களில் 563 பேருக்கு, அதாவது நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகமானோருக்கு, இமைத்திட்டு இருந்தது. பின்னர் 2009 வரை அவர்களைப் பின்தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு நேர்ந்தது என்று கணக்கெடுத்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, திட்டு இருந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் அளவு, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றையெல்லாம் கணக்கில் ஒதுக்கிய பிறகும் அந்த வேறுபாடு நின்றது. கருவிழியைச் சுற்றி முதியோருக்குத் தோன்றும் வெண்வளையத்தையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். மற்றக் காரணங்களை நீக்கிப் பார்க்கையில் அவ்வளையத்திற்குத் தனிப்பட்ட அபாயம் எதுவும் தென்படவில்லை. ஆகவே தாத்தாவின் கண்ணில் வெண்வளையம் கண்டு வீட்டார் நடுங்க வேண்டியதில்லை. நாற்பது வயதிற்குள் ஒருவருக்கு அது தோன்றினால் மட்டும் இரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது.

ஒன்றரை மடங்கு என்பதை அஞ்சத்தக்க தீர்ப்பாகவும் கொள்ளவேண்டாம். பாரிஸ் நகரிலுள்ள மோனாலிசா ஓவியத்தின் இடக் கண்ணின் உட்கோடியில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருப்பதாகவும், அது இமைக் கொழுப்புப் படிவாக இருக்கலாம் என்றும் 2004-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு வைத்தியர்கள் எழுதினார்கள். ஐந்நூறு ஆண்டுப் பழைய வண்ணத்தில் ஒரு திட்டைக் கண்டு நோயை நிர்ணயிப்பது எவ்வளவு பொருத்தம் என்பதில் எங்களுக்குச் சற்று ஐயம் உண்டு. எவ்வாறாயினும், அவ்வோவியத்திற்கு அமர்ந்தவர் என்று கருதப்படும் லிசா கெரார்தினி 1479-இல் பிறந்து 1542-இல், அறுபத்து மூன்றாம் வயதில்தான் மறைந்தார். அக்காலத்திற்கு அது குறைந்த ஆயுள் அன்று.

மற்றொன்றும் கூறவேண்டும். இமைத்திட்டு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரத்தத்தில் கொலஸ்டிரால் இயல்பான அளவிலேயே இருக்கிறது. ஆகவே, திட்டைக் கண்ட மாத்திரத்தில் மருந்துக் கடைக்கு ஓடுவதும் தவறு. பாதிப் பேருக்கு ஒன்றுமில்லையாமே என்று வாளாவிருப்பதும் தவறு. நாம் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதைச் சில துளி இரத்தமே கூறும்.

தொடக்கத்தில் சொன்ன மூவரும் செய்யாது விடும் காரியம் இப்பரிசோதனைதான். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிப் பழக்கம் உண்டு. உடம்பைப் பற்றிய எதையும், "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திவைப்போம். விடுப்புப் பயணச் சலுகை கிடைக்க வேண்டும். பிள்ளைகளின் தேர்வு முடியவேண்டும். இரயிலில் இடம் அமையவேண்டும். ஊருக்குப் போனாலோ, கோயிலும் திருமணங்களும் போக மிச்சமுள்ள இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக்குச் செல்ல எவருக்கு மனம் வரும்? கரோல்பாக்கிலும், மாதுங்காவிலும், அகமதாபாத்தின் மணிநகரிலும் பத்தடி தூரத்தில் செய்துகொள்ளத்தக்க பரிசோதனை இப்படியே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1954-இல் தில்லியில் தொடங்கிய அரசு சுகாதாரத் திட்டம் இன்று பல நகரங்களில் இருக்கிறது. அதன் மருந்தகத்து வைத்தியரிடம் சொன்னாலே சீட்டு எழுதித் தருவார்.

வெறும் வயிற்றோடுதான் செல்லவேண்டும் என்ற சாக்கும் இப்போது செல்லாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, உணவு உண்ட பிறகும் முதற் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். அந்நெறிகள், ஆபத்துக் குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். அளவு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழும், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 70-க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்புக் கண்டவர் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55-க்குக் கீழும் இருக்கவேண்டும் என்கின்றன. பரிசோதனைச் சீட்டில் மொத்தக் கொலஸ்டிரால் எண்ணை மட்டும் கண்டு திருப்தியடையாமல், எல்.டி.எல். என்ற வரியைத் தேடிப் பார்க்கவேண்டும். கூடவே சர்க்கரையையும், தைராய்டு சுரப்பியின் நிலையையும் பார்க்கச் சொல்வது வழக்கம். தைராய்டு மந்தமானாலும், நீரிழிவு இருந்தாலும், சிறுநீரகமோ ஈரலோ பழுதுபட்டாலும் கொலஸ்டிரால் ஏறும். அத்தகைய காரணம் இருப்பின் அதற்கே முதலில் சிகிச்சை.

நம் நாட்டில் இக்குறை அரிதும் அன்று. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வொன்று, வயதுவந்தோரில் நூற்றுக்கு 24 பேருக்குக் கொலஸ்டிரால் மிகை எனக் கண்டது. 52 நாடுகளில் நடந்த மற்றோர் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் நடுத்தர வயது பிற நாட்டாருக்கு 59 ஆகவும், நம் தெற்காசியப் பகுதியினருக்கு 53 ஆகவும் இருந்தது. ஐம்பத்து மூன்று என்பது ஓய்வு பெறும் வயதுகூட அன்று. பிள்ளைகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் வயது.

இனி, திட்டை என்ன செய்வது? அதை அகற்றியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அழகு கருதி அகற்ற விரும்பினால் அதுவும் குற்றமில்லை, முகம் நம்முடையது. கத்தியால் அறுத்து எடுப்பது, ஒருவகை அமிலத்தைத் தடவிப் பொசுக்குவது, லேசர் ஒளியால் நீக்குவது, குளிரால் உறையச் செய்து அழிப்பது என்று முறைகள் பல உள்ளன. கண் வைத்தியரோ, தோல் வைத்தியரோ திட்டின் பரப்பையும் ஆழத்தையும் பார்த்து முடிவு செய்வார். இரண்டு செய்திகளை மட்டும் முன்கூட்டியே அறிந்து செல்வது நலம். முதலாவது, எந்த முறையில் நீக்கினாலும் அது மீண்டும் தோன்றக்கூடும். அறுத்து எடுத்தவர்களைப் பற்றி 1976-இல் வெளியான ஆய்வொன்றில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு அது திரும்ப வந்ததாகக் காணப்பட்டது. இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தவர்களுக்கு அவ்வாய்ப்பு அதிகம். இரண்டாவது, நம் போன்ற மாநிறத் தோலில், பொசுக்கிய இடம் வெளுத்தோ கறுத்தோ போய்விடுவதுண்டு. மஞ்சட் திட்டுக்குப் பதில் வெள்ளைத் திட்டைப் பெற்று வருவதில் என்ன இலாபம்?

இந்த வேலையை அழகு நிலையங்களில் செய்துகொள்வோரும் இருக்கிறார்கள். எங்களுக்கு அறிமுகமான ஓர் அம்மையார், மகளின் நிச்சயதார்த்தத்திற்கு முன் அவ்வாறு ஓரிடத்தில் மருந்து தடவிக்கொண்டார். இமை வீங்கி, நிச்சயதார்த்தத்தன்று கறுப்புக் கண்ணாடியோடு மணையில் அமர்ந்தார். நல்லவேளையாகக் கண்மணிக்கு ஊறு நேரவில்லை. பின்னர் கண் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "கொலஸ்டிரால் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்த்திருக்கவில்லை. பார்த்தபோது எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தது.

வீட்டு வைத்தியமும் இவ்விடத்தில் கூடாது. பூண்டை அரைத்துப் பூசினால் கரையும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பச்சைப் பூண்டு தோலைப் புண்ணாக்கவல்லது. இமைத்தோலின் மென்மையை முன்னரே கூறினோம். மறுவை எடுக்கச் சுண்ணாம்பு வைக்கும் பழக்கமும் நம்மவரிடையே உண்டு. கை மறுவோடு அது நிற்கட்டும் என்றுகூடச் சொல்லமாட்டோம்; கண்ணருகே அதைக் கொண்டுபோவது பார்வையோடு விளையாடுவதாகும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியை அரித்து ஆழ இறங்கும். தவறிப் பட்டுவிட்டால், உடனே தூய நீரைத் தாராளமாக விட்டு நெடுநேரம் கழுவிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இமையில் தோன்றுவன எல்லாம் இக்கொழுப்புப் படிவும் அல்ல. கீழிமையில் தோலின் நிறத்திலேயே சிறு சிறு மணிகளாகத் தோன்றுபவை வேறு, கண்கட்டி வேறு. திட்டு தட்டையாக இல்லாமல் கட்டியாகத் தடித்து, அவ்விடத்து இமைமயிர் உதிர்ந்து, புண்ணாகி இரத்தம் கசிந்தால், அதை ஒரு நாளும் தாமதியாமல் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும். இமையில் தோன்றும் புற்றுநோய் வகை ஒன்று அவ்வாறு வருவதுண்டு.

எல்.டி.எல். மிகுந்திருப்பதாகத் தெரிந்தால், உணவில் முதலில் பார்க்கவேண்டியது முட்டையின் மஞ்சட் கரு அன்று. நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய், பாலேடு ஆகியவற்றிலுள்ள உறைகொழுப்பே. நம்மில் வடக்கே வாழ்வோர் இரண்டு சமையலறைகளின் சுவைக்கும் ஆட்பட்டவர்கள். காலையில் நெய் தோசை, மாலையில் சமோசா, குளிர்காலத்தில் வெண்ணெய் மிதக்கும் பராத்தா, இவற்றோடு ஊரிலிருந்து டப்பாவில் வந்து சேரும் முறுக்கும் சீடையும். எதையும் அடியோடு விடச்சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாநிலத்துப் பண்டிகைகளையும் ஒரே வயிறு கொண்டாட இயலாது. வனஸ்பதி முதலியவற்றிலிருந்த டிரான்ஸ் கொழுப்பை நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படாமல் 2022 ஜனவரி முதல் சட்டம் கட்டுப்படுத்தியிருக்கிறது. காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடைத்தெரு வாணலிக்கு அச்சட்டம் முழுமையாக எட்டும் என்று நம்பியிருக்க வேண்டாம். பருப்பு, கொள்ளு, வெந்தயம், காய்கறி, ஒரு பிடி வேர்க்கடலை ஆகியவை உதவும். புகையை விடுவதும், நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடப்பதும் நாடிகளுக்கு நன்மை செய்யும்.

உணவினால் மட்டும் போதாதவர்களுக்கு ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் இருக்கின்றன. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருள் இவற்றின் மூதாதை. எல்.டி.எல். ஏறக்குறைய 39 மில்லிகிராம் குறையுந்தோறும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்ச்சிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். மக்கள் மருந்தகங்களில் இம்மாத்திரைகள் மலிவாகவே கிடைக்கின்றன. வைத்தியர் சொல்லாமல் தொடங்குவதும் கூடாது. எண் இறங்கிவிட்டது என்று தாமாக நிறுத்துவதும் கூடாது. மாத்திரையால் எண்தான் இறங்கியது. மருந்து உண்பதால் இமைத்திட்டு மறையும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்குச் சுருங்குகிறது, பலருக்கு அப்படியே நிற்கிறது.

இறுதியாக, பெற்றோர் வழியே வரும் வகை ஒன்றைப் பற்றி. எல்.டி.எல்.-ஐ இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வாயில்கள் அணுக்களின் மேல் உள்ளன என்று கண்டறிந்ததற்காகவே பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். சில குடும்பங்களில் அவ்வாயில்கள் பிறவியிலேயே குறைவு. ஏறத்தாழ 250 அல்லது 300 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு என்பது உலகப் பொதுக் கணக்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. இளவயதிலேயே இமைத்திட்டு தோன்றுவதும், குதிகாலின் பின்நரம்பு தடித்திருப்பதும் அதன் அறிகுறிகளாகலாம்.

வைத்தியர் இதைக் கண்டுகொள்ள நம்மிடம் கேட்பது குடும்ப வரலாறு. நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். பெரியப்பா எந்த வயதில், எதனால் இறந்தார் என்று தில்லியில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. அவன் தந்தைக்கும் தந்தி வந்த நாள்தான் நினைவிருக்கும். "வாயுப் பிடிப்பு", "மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்", "தூக்கத்திலேயே போய்விட்டார், புண்ணியவான்" என்று ஊரில் சொல்லப்படும் மரணங்கள் பல மாரடைப்பாக இருந்திருக்கக்கூடும். அவற்றை அறிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். அடுத்தமுறை ஊருக்குத் தொலைபேசும்போது அத்தையிடமோ சித்தப்பாவிடமோ கேட்டு, ஆண்களில் ஐம்பத்தைந்து வயதிற்குள்ளும், பெண்களில் அறுபத்தைந்து வயதிற்குள்ளும் மாரடைப்புக் கண்டவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பரிசோதனையில் எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால், அவ்வெண்ணை உடன்பிறந்தார் அனைவருக்கும் தெரிவியுங்கள். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்கும், ஜாம்ஷெட்பூரில் இருக்கும் அக்காவுக்கும் இமையில் எத்திட்டும் இல்லாமலே அதே எண் இருக்கலாம். உங்கள் பிள்ளைகளையும் பத்து வயதையொட்டி ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுமாறு வைத்தியரைக் கேளுங்கள்.